யாருமில்லைன்னு எவன் சொன்னான்?

கிளாவரையில் சிவபாக்கியத்தின் பூண்டுக்காட்டின் மேல் மட்டும் ஒரு மாசி மாதம் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணம் ஒரு பாட்டு. ஊரில் வேறு யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் காட்டில் கேரட் பிடுங்கியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலைத் திட்டினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாத்தனார் மகாதேவியின் கோசுக்காட்டில் சுள்ளென்று வெயில் அடித்தது. சிவபாக்கியத்தின் வேலிக்குள் காலை வைத்தால் மட்டும் நீட்டிய கை தெரியாது. கொடைக்கானலில் இருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் முதல் நாள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார், மறுநாள் "இன்னைக்கும் கெடக்கா?" என்று கேட்டார், அதற்கப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார். சிவபாக்கியத்துக்கு வயிறு எரிந்தது. மாசியில் பூண்டைப் பிடுங்கித் தாளோடு வெயிலில் காயப்போட வேண்டும். வெயில் காணாத பூண்டு மண்ணுக்குள்ளேயே ஊறிப் பல்லெல்லாம் கொழகொழத்துப் போகும். அந்த ஒரு வெள்ளாமையை நம்பித்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது.

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளாவரையில் காடுகள் படிபடியாகச் சரிந்து ஓடைப் பள்ளத்தில் போய் முடியும். மேகம் இறங்கிவிட்டால் வரப்பு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. தலைச்சுமையோடு வருகிறவர் நின்ற இடத்தில் நின்று "ஏ... ஹோவ்!" என்று ஒரு கூப்பாடு போடுவார். எதிர்க்காட்டில் இருப்பவர், அது யாராக இருந்தாலும், "ஓ..." என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வரும் திசையை வைத்துத்தான் அடுத்த காலை எடுத்து வைப்பார்கள். காதில் விழுந்தும் பதில் கொடுக்காமல் இருப்பது அந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் கேஸ் போட்டு நடத்துகிறவர்கள்கூட மேகத்துக்குள் ஒழுங்காகப் பதில் கொடுத்துக்கொள்வார்கள், மேகம் விலகியதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதில் வந்தால்தான் மேகம் கிளம்பும் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். பால் கொதித்தால் பொங்கும் என்பதை யாராவது ஊரைக் கூட்டிச் சொல்வார்களா? அதனால் அதை யாரும் வெளியாரிடம் சொல்வதில்லை.

சிவபாக்கியமும் மகாதேவியும் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. மகாதேவி மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீராகப் போன பட்டுச்சேலை, ஏற்கெனவே யாரோ பிரித்து மடித்த சேலை என்று மகாதேவி பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டாள். கடைக்காரன் விரித்துக் காட்டியதில் கலைந்த மடிப்பு அது. சிவபாக்கியம் சத்தியம் செய்யவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவள்தான். அன்றிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் ஒருத்தி வாசலை ஒருத்தி மிதித்ததில்லை. சிவபாக்கியத்தின் புருஷனும் மகாதேவியின் அண்ணனுமான சோலைமலை மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார், இரண்டு வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் மேகம் இறங்கினால் இவள் கூப்பிடுவாள், அவள் பதில் கொடுப்பாள். வருஷக்கணக்காக அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் கார்த்திகை மாதம் ஈரக்கம்பளி என்ற பாட்டுக் கோஷ்டி ஜீப்பில் வந்து இறங்கியது. கம்பளி நனைந்தால் என்ன கனம் கனக்கும், என்ன நாற்றம் நாறும் என்று தெரிந்த எவனும் அப்படி ஒரு பேர் வைக்க மாட்டான். போகட்டும். கோஷ்டித் தலைவன் அஜய், கொடைக்கானல் டவுன் பையன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூரில் பார்த்த வேலையை உதறிவிட்டு, யாரும் இதுவரை போடாத மாதிரி பாட்டுப் போட வேண்டும் என்று மலைக்குத் திரும்பியவன். பணிவான பிள்ளைதான், அதில் குறை சொல்ல முடியாது. கம்பு நுனியில் பூனைக்குட்டி மாதிரி மயிர் போர்த்திய மைக்கைக் கட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீர், குதிரை மணி, கோசு வெட்டும் சத்தம் என்று கண்டதையும் பிடித்தான். அந்நேரம் மேகம் இறங்கியது. எருக்கூடையோடு வந்த சிவபாக்கியம் கூப்பாடு போட, எதிர்க்காட்டிலிருந்து பதில் வந்தது. "ஆன்ட்டி, சூப்பர்! ஒன்ஸ் மோர்!" என்று அஜய் குதித்தான்.

சிவபாக்கியம் செய்த தப்பு அங்கேதான். தலையில் சுமை இல்லாமல், போக வேண்டிய இடம் இல்லாமல் சும்மா கூப்பாடு போடக்கூடாது. இவளோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு இன்னொரு தரம் கூப்பிட்டாள். பதில் வந்தது. "இன்னும் கொஞ்சம் ஃபீலா ஆன்ட்டி" என்றான். திரும்பவும் கூப்பிட்டாள். எதிர்க்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த மகாதேவிக்குத் திக்கென்றது. பதில் கொடுத்த பிறகும் ஒருத்தி கூப்பிடுகிறாள் என்றால் கால் தவறிவிட்டது என்று அர்த்தம். கையில் பிடித்த அருவாளோடு, வழுக்கி விழுந்து எழுந்து பள்ளத்தின் விளிம்புவரை ஓடிவந்து மூச்சிரைக்க "ஓ..." என்றாள். அப்போது மேகம் விலகியது. எதிரே அண்ணன் பெண்டாட்டி முடியை ஒதுக்கிவிட்டு மைக் முன்னால் சிரித்தபடி நிற்கிறாள். மகாதேவி பக்கத்தில் காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனாள். சிவபாக்கியம் அதைப் பார்த்தாள். அந்த மூச்சிரைப்பையும் கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஈரக்கம்பளியின் ஆல்பம் வெளியானது. சிவபாக்கியத்தின் மகன் பாலகுமார் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். வெள்ளனே ஸ்பீக்கரோடு வந்து வாசலில் வைத்துப் போட்டான். முதல் பாட்டைக் கேட்ட சோலைமலை, காட்டுமாடு விரட்டத் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கு, ஆனா மாடு வர்ற பக்கமே விரட்டுறானுங்க என்றார். இரண்டாவது பாட்டு, மரம் அறுக்கிற மெஷினில் பிளேடு மாட்டிக்கொண்டது போலக் கத்தியது. மூன்றாவதில் தங்கள் ஊர்க் குதிரையின் மணி கேட்டதும் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம், ஆனால் அந்தக் குதிரையை எங்கேயும் போகவிடாமல் அதே நாலு அடியைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டிருந்தான். பாவம் அந்த வாயில்லா ஜீவன் என்று சிவபாக்கியம் உச்சுக் கொட்டினாள். நாலாவது பாட்டில் பாட்டே இல்லை, கோசு மட்டும் வெட்டினார்கள். ஐந்தாவதில் அவளுடைய கூப்பாடு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மலையே எழுந்து நின்று கேட்கிற மாதிரி இருந்தது. சிவபாக்கியம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, அடுத்து வரப்போகிற பதிலுக்காகக் காதைக் கொடுத்தாள்.

பதில் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போச்சா என்று சோலைமலை தட்டிப் பார்த்தார். அதன் பிறகு டமாரென்று மத்தளம் விழுந்து பாட்டு முடிந்தது. சிவபாக்கியம் எழுந்து நின்றுவிட்டாள். "ஏலே, அவ எங்கடா?" என்றாள். பாலகுமார் செல்லைப் பார்த்தான். அந்தப் பாட்டின் பெயர் 'யாருமில்லை'. ஆல்பத்தின் பெயரும் அதுதான். அட்டையில் சிவபாக்கியத்தின் பூண்டுக்காடு, மேகம், பெரிய எழுத்தில் யாருமில்லை. அந்த நிமிஷமே வாசலில் கிடந்த வெயில் அணைந்தது. மேகம் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, பூண்டுக்காட்டின் நாலு மூலையும் பார்த்து அளவாக உட்கார்ந்துகொண்டது.

என்ன ஆயிற்று என்று ஊருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பதில் கிடைக்காத கூப்பாடு ஒன்று உலகத்தில் அலைகிறது, அதனால் மேகம் காத்துக் கெடக்கு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ எவனாவது அந்தப் பாட்டைப் போட்டால், அதே நேரத்தில் ஓடைப் பள்ளத்தில் சிவபாக்கியத்தின் கூப்பாடு கேட்டது. அவள் வாய் நிறையக் களி வைத்து மென்றுகொண்டிருக்கும்போதும் கேட்டது. டீக்கடையில் நாலு பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கேட்டது. பாட்டு பிரபலமாக ஆக ஆகக் கூப்பாடு கூடியது, கூப்பாடு கூடக் கூட மேகம் தடித்தது. ஊர் பழகிக்கொண்டது. சிவபாக்கியம் மட்டும் கீழ்ப்படியில் ஒரு பூண்டைப் பிடுங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்கள் கொடுத்துப் பார்த்த பதிலுக்கு மேகம் அசையவில்லை; காணாமல் போனது மகாதேவியின் பதில், எதிர்க்காட்டிலிருந்து அவளே கொடுத்தால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் மகாதேவி வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கச்சி வீட்டுச் சேதியை சோலைமலை பெண்டாட்டியிடம் கொண்டுவந்து சொன்னார். மகாதேவியும் பாட்டைக் கேட்டுவிட்டாள். சேலை விஷயத்துக்குப் பழி வாங்க, மதினிதான் தன் பதிலை வெட்டி எறியச் சொல்லியிருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "ஊரு உலகமெல்லாம் என்னை என்ன நினைக்கும்ணே? பக்கத்துல ஒருத்தி கூப்பிடுறா, இவ கல்லு மாதிரி நின்னான்னுதானே நினைக்கும்? வெட்டி எறியப்போற பதிலை நான் எதுக்குக் குடுக்கணும்? யாருமில்லைன்னு எழுதிட்டாங்கள்ல, இல்லாமலே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கோசு வெட்டினாளாம். அவர் அதைச் சொல்லி முடித்ததும் சிவபாக்கியத்துக்கு முதலில் நாத்தனார் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் ஓடை தாண்டிப் போகாமல் கொடைக்கானல் பக்கம் திரும்பியது. மேகத்தில் பதில் கொடுக்கவில்லை என்ற பேரை, அதுவும் கொடுத்தவள் தலையில் கட்டுவதா? கொலைப்பழியை வேண்டுமானாலும் சுமக்கலாம், இதைச் சுமந்துகொண்டு கிளாவரையில் ஒருத்தி எப்படி நடமாடுவாள்?

மறுநாள் சோலியைப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் ஆல்பத்தைக் கூடி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பாலகுமார் விசாரித்து வைத்திருந்தான். அவனும் கூட வந்தான். அஜய் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தான். "தம்பி, பதிலை வெரசா எடுத்துப் போட்ருப்பா. பூண்டு அழுகுது" என்றாள். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது டெலிட் ஆகிவிட்டது, எங்கேயும் இல்லை என்றான். "அந்த வாய்ஸ் கொஞ்சம் சிடுசிடுன்னு இருந்துச்சு ஆன்ட்டி. மூச்சு வேற வாங்குச்சு. மூட் ஸ்பாயில் ஆயிருச்சு" என்றான். சிவபாக்கியம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சிடுசிடுன்னுதாம்ப்பா இருக்கும். எங்கிட்ட அவளுக்கு வேற எப்படி இருக்கும்?" என்றாள். அவனுக்கு அது விளங்கவில்லை, விளக்கு அணைந்து பாட்டு தொடங்கிவிட்டது.

கூப்பாடு வந்த இடத்தில் காபிக் கடைக்குள் மேகம் இறங்கியது. கதவு இடுக்கில் நுழைந்து, மேஜை மேஜையாக ஏறி, கோப்பைகளை மூடி, ஆட்களின் கழுத்துவரை நின்றது. புகை மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டு முடிந்ததும் மைக்கைச் சுற்றில் விட்டு, முதல் தடவை கேட்டதில் மனசில் பட்டதைச் சொல்லச் சொன்னார்கள். சென்னையிலிருந்து வந்த தாடிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டைவிட அந்த மௌனம்தான் உச்சம் என்றார். கூப்பிட்டால் கேட்க ஒரு நாதி இல்லாத மலைக்காட்டில் ஒரு பெண்ணின் தனிமை, அந்த யாருமில்லாத வெறுமை என்று நீட்டிக்கொண்டே போனார். நாதியில்லையாம்! புருஷனும் பிள்ளையும் நாத்தனாரும் உள்ளவளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சைப் பாருங்கள். சிவபாக்கியம் எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"யாருமில்லைன்னு எவன் சொன்னான்?" என்றாள். மேகத்துக்கு மேலே அவள் தோளும் தலையும் மட்டும் தெரிந்தன. "எம் புருசனோட தங்கச்சி இருந்தா. மகாதேவின்னு பேரு. எங்கூட அவ பேசமாட்டா, நானும் பேசமாட்டேன். நான் செத்தா வந்து எட்டிப் பாப்பாளாங்கிறதே சந்தேகம். ஆனா நான் கூப்பிட்டு அவ பதில் குடுக்காத நாள் ஒண்ணு கெடையாது. இன்னைக்குங்கூடக் கெடையாது! நான் பள்ளத்துல விழுந்துட்டேன்னு நினைச்சு விழுந்தடிச்சு ஓடியாந்தா அவ. அந்த மூச்சு வாங்குனதுதான் உனக்கு மூடைக் கெடுத்துச்சா? அதை அறுத்து எறிஞ்சுட்டு யாருமில்லைன்னு போர்டு மாட்டியிருக்கியே, நீங்கள்லாம் விளங்குவீங்களா? ஏன்யா தாடி, ஒரு பொம்பளை மேகத்துல நின்னு கூப்பிடுறா, இத்தனை பேரு உக்காந்து கேக்குறீங்க, ஒருத்தருக்காவது ஓன்னு பதில் குடுக்கணும்னு தோணுச்சா? கை தட்டுறீங்க!"

இன்றைக்கும்கூட மகாதேவி பதில் கொடுக்கிறாள் என்று அவள் சொன்னது பச்சைப் பொய். அந்த நேரத்தில்கூட மகாதேவி காதில் பஞ்சோடுதான் இருந்தாள் என்பது சிவபாக்கியத்துக்கு நன்றாகத் தெரியும். கிளாவரைக்காரி ஒருத்தி மேகத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள் என்று டவுன்காரன் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். அஜய் தலையைக் குனிந்துகொண்டான். தாடிக்காரர் தன் காபிக் கோப்பையை மேகத்துக்குள் தடவித் தேடினார். வழக்கம்போல யாரோ ஒரு பெண் எல்லாவற்றையும் செல்லில் படம் பிடித்திருந்தாள். சிவபாக்கியம் வீடு போய்ச் சேர்வதற்குள் அது கிளாவரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மகாதேவி அதைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்ததாக சோலைமலை சொன்னார். முதல் தடவை பார்த்து முடித்ததும் திரும்பப் போடச் சொன்னாள். "இன்னைக்குங்கூடன்னாண்ணே மதினி சொல்லுச்சு?" என்று கேட்டாள். ஆமா என்றார் அவர். தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவமானத்தில் அழுதாளா, கோபத்தில் அழுதாளா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை, ஆனால் அழுதாள். இதைக் கேட்ட சிவபாக்கியம் "அழட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் தானும் கண்ணைத் துடைத்தாள்.

விடிந்ததும் பள்ளத்தில் முதல் கூப்பாடு கேட்டது. எந்த ஊரில் எவன் போட்டானோ. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த சிவபாக்கியம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்க்காட்டிலிருந்து பதில் வந்தது. "ஓ..." என்று நீட்டி, அதோடு நிறுத்தாமல், "இருக்கேன்!" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்தது. குரலில் சிடுசிடுப்பு குறையவில்லை. மேகம் மேல்படியிலிருந்து ஒரு படி இறங்கியது. அடுத்த கூப்பாட்டுக்கு அடுத்த பதில், அடுத்த படி. உச்சிக்கு வெயில் வந்தபோது மேகம் மொத்தமும் ஓடையில் இறங்கிக் கேரளாப் பக்கம் போய்விட்டது. கீழ்ப்படிப் பூண்டு போனது போனதுதான், தூக்கி எருக்குழியில் கொட்டினார்கள். மற்றதெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. ஆள் கூப்பிட நேரமில்லாமல் வீடே இறங்கிப் பிடுங்கியது. மகாதேவி வீட்டு ஆட்களும் ஓடையைத் தாண்டி வந்து பிடுங்கினார்கள், மகாதேவி மட்டும் வரவில்லை. அவளுக்கு அங்கே நின்று பதில் கொடுக்கிற வேலை இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பாட்டை யார் எங்கே போட்டாலும் கூப்பாட்டுக்கு அப்புறம் வெறுமை கிடையாது. ஒரு பெண் பதில் கொடுக்கிறாள். ஈரக்கம்பளிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை; ஆனால் போட்டால் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஒரு தடவை வெற்றிலை மென்றுகொண்டே சொல்கிறாள், ஒரு தடவை யாரையோ திட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போன அன்றைக்குப் பின்னால் அரோகரா கேட்டது. தாடிக்காரர் மௌனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று நீளமாக எழுதினார். அஜய் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஆல்பத்தில் பாடியவர்கள் பெயர்களோடு மகாதேவி என்ற பெயரையும் சேர்த்தான். 'யாருமில்லை' என்ற தலைப்பை மட்டும் மாற்ற முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டதாம்.

மதினியும் நாத்தனாரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. வேண்டுமானால் நீங்களும் அந்த ஐந்தாவது பாட்டைப் போட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் பிந்தினால் அணைத்துவிடாமல் இருங்கள்; அவளுக்குக் காட்டில் சோலி கிடக்கிறது, ஆனால் வந்துவிடுவாள்.